ஓட்டியவர் ஒருவர், பார்த்தவர் இன்னொருவர்: 76 வயது கார் ஓட்டுநர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற, மந்தைவெளியில் மனைவியுடன் வசிக்கும் 76 வயது முதியவர் ஒருவரை, ஒரு சாலை விபத்துக்குப் பிறகு அவருடைய மகள் முதியோர் நல ஆலோசனைக்கு அழைத்து வந்தார். விபத்தில் அவருக்குக் காயம் ஏதும் இல்லை. மகள் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்பா இனிமே கார் ஓட்டலாமா, கூடாதா? நீங்களே சொல்லிடுங்க டாக்டர். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறார்." பக்கத்தில் இருந்தவர் அமைதியாக, "நாப்பத்தேழு வருஷமா ஓட்டறேன்மா, இதுக்கு முன்னாடி ஒரு கீறல் கிடையாது" என்றார். இருவர் சொன்னதும் உண்மையே. அந்தக் கேள்விக்கு அன்றே ஆம், இல்லை என்று பதில் சொல்லியிருந்தால் எந்தப் பதிலும் தவறாகத்தான் இருந்திருக்கும். பதில் கிடைக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. குடும்பத்தினரின் ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அந்த ஓராண்டை இங்கே பதிவு செய்கிறேன்.

விபத்து

அடையாறு பகுதியில் ஒரு பிரதான சாலையிலிருந்து வலப்பக்கத்துத் தெருவுக்குள் திரும்பும்போது விபத்து நடந்தது. நேரம் காலை 10.20. நல்ல வெளிச்சம், மழை இல்லை, அந்தச் சந்திப்பில் சிக்னலும் இல்லை. எதிரே வந்த மாநகரப் பேருந்து ஒன்று கடந்து போகும்வரை அவர் காத்திருந்தார். தெருமுனையில் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்தபடி கடந்துகொண்டிருந்ததால் அவர்களையே கவனித்திருந்தார். அவர்கள் நடைபாதையில் ஏறியதும் காரைத் திருப்பினார். பேருந்துக்குப் பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் காரின் இடப்பக்க முன்கதவில் மோதியது. மோதிய பிறகும் கார் நிற்காமல் சில அடி முன்னே சென்று நடைபாதைக் கல்லில் முட்டித்தான் நின்றது.

வண்டியில் வந்தவர் உணவு விநியோகம் செய்யும் இளைஞர். அவருக்குக் காறையெலும்பு முறிந்தது. ஆறு வாரம் வண்டி ஓட்ட முடியாது என்றால், அன்றாட வருமானத்தில் வாழும் ஒருவருக்கு அது ஆறு வார வாடகையும் சாப்பாடும் ஆகும். முதியவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த இளைஞரின் ஆறு வாரங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதியவர் என்னிடம் சொன்னவற்றில் இரண்டு வாக்கியங்களைக் குறித்துக்கொண்டேன். ஒன்று: "நான் பாத்தேன் டாக்டர், ரோடு காலியாத்தான் இருந்தது." மற்றொன்று: "பிரேக்கைத்தான் அமுக்கினேன்." அவர் பொய் சொல்லவில்லை. கண் ஒரு திசையில் நிலைத்திருக்க, அங்கே இருந்த பொருள் மனத்தில் பதியாமல் போவது முதிய ஓட்டுநர்களின் சந்திப்பு விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒன்று. முதியவர்கள் பொதுவாக வேகமாக ஓட்டுவதில்லை, குடித்துவிட்டு ஓட்டுவதும் குறைவு. மழையையும் இரவையும் யாரும் சொல்லாமலே தவிர்க்கிறார்கள். அவர்களுடைய ஆபத்து குவியும் இடம், எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டிய சந்திப்பு. இடப்பக்கமாக வண்டி ஓட்டும் நம் நாட்டில் அது வலது திருப்பம். எதிர்வரும் வண்டியின் வேகம், தூரம், பாதசாரி, பின்னால் அடிக்கும் ஹாரன், புகப்போகும் தெருவின் அகலம் ஆகிய அனைத்தையும் இரண்டு மூன்று விநாடிக்குள் ஒன்றாக எடைபோட வேண்டிய வேலை அது.

அந்த வீட்டின் காலை

மனைவிக்கு 71 வயது. சிறுநீரகச் செயலிழப்புக்காக இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். காலை 6 மணி முறை. இதற்காக இருவரும் 4.30-க்கு எழுந்து, 5.30-க்குக் காரில் கிளம்புவார்கள். மனைவியை மையத்தில் விட்டுவிட்டுக் கணவர் வீட்டுக்குத் திரும்புவார், பிறகு 10 மணிக்கு மேல் அழைத்துவரப் போவார். விபத்து நடந்தது அப்படி அழைக்கப் போன வழியில்தான்.

எழுந்ததும் காபியுடன் சர்க்கரை மாத்திரை போடுவார் என்று தெரிந்தது. அதன் பிறகு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதற்கு, அவர் கொஞ்சம் வியப்போடு, "அவ சாப்பிடாம நான் மட்டும் எப்படி டாக்டர் சாப்பிடறது?" என்றார். மனைவி டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பிய பிறகே, பதினொன்றரை மணி வாக்கில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவர் எடுத்துக்கொண்டிருந்த கிளைமிபிரைடு, உணவு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. காலை ஐந்து மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு வெறும் காபியோடு பத்தரை மணிவரை இருக்கும் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். இளைஞர்களுக்கு வருவதுபோல வியர்வை, நடுக்கம், படபடப்பு என்ற முன்னறிவிப்புகள் முதியவர்களுக்குத் தெளிவாக வருவதில்லை. முதலில் மங்குவது கவனமும் முடிவெடுக்கும் வேகமும்தான். டயாலிசிஸ் நாட்களில் காலை 10 மணிக்கு வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னோம். 68 என்றும் 63 என்றும் வந்தது, இரண்டும் தாழ்ந்த அளவுகள். அவருடைய மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.4. அந்த எண்ணுக்காக அதுவரை எல்லோரும் அவரைப் பாராட்டியே வந்திருந்தார்கள். 76 வயதில், இந்த மாத்திரையின் துணையோடு 6.4 என்பது பாராட்டுக்குரியதல்ல, மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி.

மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதத்திலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த பழைய சீட்டை வைத்து அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் இரவு தவறாமல் போட்டு வந்தார். அந்த மருந்தின் பாதி உடலைவிட்டு வெளியேறச் சராசரியாக 11 மணி நேரம் ஆகும், முதியவர்களில் 16 மணி வரையும் நீளும். இரவு 10.30-க்குப் போட்டவர் காலை 5.30-க்கு ஸ்டீயரிங் பிடிக்கும்போது பாதிக்கு மேல் ரத்தத்தில்தான் இருக்கிறது. மாத்திரைகளைச் சொல்லுங்கள் என்றபோது அவர் இதைச் சொல்லவே இல்லை. வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னபோதுதான் அந்த அட்டை வெளியே வந்தது.

பிறகு மனைவியைத் தனியாகச் சந்தித்துப் பேசினேன். இந்த நிகழ்வில் எனக்கு வழிகாட்டியது அந்தப் பேச்சுதான். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து எப்போதும் பேசிக்கொண்டே வருவாராம். "ஏங்க, பைக் வருது", "ஏங்க, செவப்பு விழுந்துடுச்சு", "அந்தப் பொண்ணு கிராஸ் பண்றா பாருங்க." எவ்வளவு காலமாக என்று கேட்டேன். யோசித்து, ஒன்றரை வருஷம் இருக்கும் என்றார். அதற்கு முன் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவார்களாம். அந்தப் பாட்டு எப்போது நின்றது என்று இருவருக்கும் நினைவில்லை.

ஒன்றரை ஆண்டாக அந்தக் காரை இருவர் ஓட்டி வந்திருக்கிறார்கள். கையும் காலும் அவருடையவை, சாலையைப் பார்த்தவர் அவருடைய மனைவி. டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் ரத்த அழுத்தம் குறைந்து மனைவி கண்ணயர்ந்துவிடுவார். அவரை விட்டுவிட்டுத் திரும்பும்போதும் அழைக்கப் போகும்போதும் கணவர் தனியாகத்தான் ஓட்டுவார். எனவே வாரத்தில் மூன்று நாள், அந்த இரண்டாவது ஓட்டுநர் இல்லாமலே கார் ஓடியிருக்கிறது. விபத்து நேரத்தில் மனைவி காரிலேயே இல்லை. விபத்து ஏன் அன்று நடந்தது என்று கேட்டவர்களுக்கு, அதுவரை ஏன் நடக்கவில்லை என்பதற்கும் இதுவே விடை.

குடும்பங்கள் இதைத் தீர்வாகவே நினைக்கின்றன: "கூட யாராவது உக்காந்துகிட்டா போதும், ஓட்டட்டும்." நான் இதை ஏற்கவில்லை. பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தால்தான் பாதுகாப்பாக ஓட்ட முடியும் என்ற நிலைதான் நிறுத்த வேண்டும் என்பதன் மிக உறுதியான அடையாளங்களில் ஒன்று. சொல்பவர் பார்த்து, சொல்லி, கேட்டவர் புரிந்து, கால் நகர ஆகும் நேரத்தில் சென்னைச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெகுதூரம் வந்துவிடும்.

பரிசோதனை

கண்ணாடியுடன் வலக்கண் பார்வை 6/9, இடக்கண் 6/12. நிறங்களைப் பிரித்தறிவதில் குறையில்லை. கண் நரம்பைப் பாதிக்கும் கிளாகோமா இருந்தால் பக்கப் பார்வை மெல்லத் தேய்வது நோயாளிக்கே தெரியாது. இழந்த இடம் கறுப்பாகத் தோன்றுவதில்லை, மூளை அதைச் சுற்றியுள்ள காட்சியால் நிரப்பிக்கொள்ளும். அதனால் பார்வைப் புலச் சோதனையும் செய்யப்பட்டது. அது இயல்பாக இருந்தது. இடக்கண்ணில் கண்புரை இருந்தது. எழுத்துப் பலகையை வாசிக்க அது அவ்வளவாகத் தடையில்லை, ஆனால் மங்கிய சாம்பல் நிற எழுத்துகளைக் காட்டிச் சோதித்தபோது இடக்கண் வெகுவாகப் பின்தங்கியது. விடியற்காலை 5.30 மணி வெளிச்சத்தில், சாம்பல் நிறச் சாலையில், கருநிற உடையில் நடந்துவரும் மனிதர் அந்த மங்கிய எழுத்தைப் போன்றவரே. 60 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்குவதும் வில்லை மஞ்சள் பூத்துத் தடிப்பதும் இதற்குக் காரணம். கண்புரை அதற்கு மேல் இன்னொரு திரை.

செவித்திறன் இரு காதிலும் வயதுக்கேற்பக் குறைந்திருந்தது, ஹாரன் கேட்கும் அளவுக்கு இருந்தது. கழுத்தை வலப்பக்கம் பாதியளவுதான் திருப்ப முடிந்தது.

கால்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவருக்கு 20 ஆண்டுகளாக நீரிழிவு. 10 கிராம் மோனோஃபிலமென்ட் நைலான் இழையால் வலது உள்ளங்காலைத் தொட்டபோது முன்பாதத்தில் பெரும்பாலான இடங்களில் அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பெருவிரலை மேலும் கீழும் அசைத்தபோது திசையைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்ற செய்தி மூளைக்கு முழுதாகப் போகவில்லை என்பது இதன் பொருள். கார் ஓட்டும்போது என்ன அணிவீர்கள் என்றதற்குக் காலில் இருந்த ரப்பர் செருப்பைக் காட்டினார். தேய்ந்து, குதிகால் பக்கம் தொளதொளவென்று இருந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. விபத்துக்கு எட்டு மாதம் முன்பு, அப்பாவுக்கு எளிதாக இருக்கட்டும் என்று மகன் பழைய காரை மாற்றி, கிளட்ச் இல்லாத ஏ.எம்.டி கார் வாங்கிக் கொடுத்திருந்தார். அன்போடு செய்தது, பலருக்கு உதவுவதும்கூட. ஆனால் கியர் காரில் பதற்றம் வந்தால் இரண்டு கால்களும் ஒன்றாகக் கீழே போகும். வலக்கால் தப்பான மிதியில் இருந்தாலும் இடக்கால் கிளட்சை அமுக்கி இன்ஜினின் இழுவையைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் உறைந்த அந்தப் பாதுகாப்பு புதிய காரில் இல்லை. முடுக்கவும் நிறுத்தவும் உணர்விழந்த ஒரே பாதம். மோதிய பிறகு கார் ஏன் முன்னே சென்றது என்பதற்குக் காரில் பதிவு எதுவும் கிடையாது. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அமுக்கியிருக்கக் கூடும் என்பது என் கணிப்பு.

நினைவு, கவனம் போன்றவற்றை அளக்கும் மோகா (MoCA) என்ற அறிவாற்றல் சோதனையின் தமிழ் வடிவத்தில் அவருடைய மதிப்பெண் 30-க்கு 24. கல்வியையும் மொழியையும் பொறுத்து எல்லைக்கோடு மாறும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. கடிகாரத்தைச் சரியாக வரைந்தார். பேச்சில் குறையே இல்லை. துறைமுகத்துக் கணக்குகளைப் பற்றி அவர் விவரித்ததைக் கேட்ட எவரும் இவர் மனத்தில் குறை இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றி இணைக்கும் டிரெயில் பி சோதனை கொடுத்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. 1-லிருந்து அ, அங்கிருந்து 2, பிறகு ஆ, பிறகு 3 என்று தாளில் சிதறிக் கிடக்கும் 25 வட்டங்களைக் கோட்டால் இணைக்க வேண்டும். 3-லிருந்து நேரே 4-க்குப் போனார், திருத்தியதும் தொடர்ந்தார், பிறகு மீண்டும் அதே தவறு. 3 நிமிடம் 50 விநாடி ஆயிற்று. 3 நிமிடத்தைத் தாண்டினால் ஓட்டும் திறனை மேலும் ஆராய வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இரண்டு வேலைகளுக்கிடையே கவனத்தை மாற்றி மாற்றி வைக்கும் திறனையே இந்தச் சோதனை அளக்கிறது. பேருந்தையும் பாதசாரியையும் மோட்டார் சைக்கிளையும் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தத் தேவைப்படுவதும் அதே திறன்தான்.

ஓட்டுநர் உரிமமும் படிவம் 1ஏ-யும்

அவருடைய உரிமம் சட்டப்படி செல்லுபடியாகும் நிலையில்தான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரிமம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 74 வயதில் புதுப்பித்த இவருக்கு 79 வரை செல்லும். அப்போது மருத்துவர் ஒருவர் கையெழுத்திட்ட, படிவம் 1ஏ எனப்படும் மருத்துவச் சான்றையும் முறையாகக் கொடுத்திருந்தார்.

அந்தப் படிவம் என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். பார்வைக் குறை உண்டா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் காரின் எண் பலகையைப் பார்க்க முடிகிறதா, சாதாரண ஒலிச் சைகைகள் கேளாத அளவு செவித்திறன் குறைந்திருக்கிறதா, மாலைக்கண் உண்டா, கைகால்களில் ஊனம் உண்டா? இவை அனைத்துக்கும் இவர் இன்றும் நேர்மையாகத் தேர்ச்சி பெறுவார். கவனம், நினைவு, முடிவெடுக்கும் வேகம், எடுத்துக்கொள்ளும் மருந்துகள், பாதத்தின் உணர்வு எவையும் அதில் இல்லை. மனிதரைப் பார்க்காமலே சில இடங்களில் கையெழுத்து கிடைக்கிறது என்று பலரும் குறைப்படுகிறார்கள். அது நியாயமான குறை. ஆனால் இவருடைய நிகழ்வில் படிவத்தை எவ்வளவு கவனமாக நிரப்பியிருந்தாலும் விடை மாறியிருக்காது, கேள்வியே அங்கு இல்லை என்பதால்.

ஜப்பானில் 75 வயதைக் கடந்தவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அறிவாற்றல் சோதனை செய்யும் முறை 2009 முதல் உள்ளது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்தனர். முதிய ஓட்டுநர்களைப் பற்றி நாடு முழுவதும் எழுந்த விவாதத்தின் தொடர்ச்சியாக, 2022 முதல், போக்குவரத்து விதிமீறல் பதிவுள்ள 75 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஓட்டும் திறன் தேர்வும் கட்டாயமானது. பிரிட்டனில் 70 வயதிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், ஆனால் அது சொந்த அறிவிப்பின் பேரிலேயே. வயதை மட்டும் வைத்துத் தடை விதிப்பதை நான் ஆதரிக்கவில்லை, 82 வயதில் மிக நன்றாக ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தவர்கள் பத்தில் ஒருவருக்கு மேல் இருந்த தமிழ்நாட்டில், படிவத்தில் கவனத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வியாவது சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையல்ல.

முதல் சாலைத் தேர்வு

அறையில் செய்யும் சோதனை ஐயத்தை எழுப்பும், முடிவைத் தராது. எனவே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் இரட்டை மிதி உள்ள காரில், பயிற்றுநர் இடப்பக்கமும், அன்றாடச் செயல்திறனை மதிப்பிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பின்சீட்டிலும் அமர, பகல் 11 மணிக்கு, காலை உணவு உண்ட நிலையில் அவரை ஓட்டச் சொன்னோம். யாரும் எதையும் நினைவூட்டக் கூடாது என்பது ஏற்பாடு.

மந்தைவெளியிலிருந்து கிரீன்வேஸ் சாலை வழியாகத் திரு.வி.க. பாலத்தைக் கடந்து அடையாறு வரை, அவர் ஆயிரம் முறை போன வழி. நேர் சாலையில் குறையே காண முடியவில்லை. முன்வண்டிக்கும் தனக்கும் இடைவெளி விட்டார், ஆட்டோ திடீரென நின்றபோது நிதானமாக நிறுத்தினார். நாற்பத்தேழு ஆண்டு அனுபவம் வெறும் பேச்சல்ல என்பதைத் தெரபிஸ்ட் தம் குறிப்பில் முதலில் எழுதியிருந்தார். ஓட்டிக்கொண்டே இடப்பக்கம் மருந்துக்கடை ஏதாவது தெரிகிறதா பாருங்கள் என்று சொன்னதும், முன்னால் சிவப்பு விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. பயிற்றுநர் பிரேக்கை மிதித்தார். சிக்னல் இல்லாத வலது திருப்பங்களில் மீண்டும் அதே பிழை: ஒன்றைக் கவனித்தார், மற்றொன்றை விட்டார்.

இரண்டாம் பகுதி, மெட்ரோ ரயில் பணி நடந்த ஆற்காடு சாலை. நகரத்தின் பல பிரதான சாலைகள் இரண்டாம் கட்ட மெட்ரோ பணிக்காகத் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளுமாக மாறியிருப்பது முதிய ஓட்டுநர்களை மற்றவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கிறது என்பது என் கருத்து. பழகிய வழியில் கவனத்தின் பெரும்பகுதி மிச்சமாகிறது. எந்த வளைவில் பள்ளம், எந்தப் பள்ளி எப்போது விடும் என்பதெல்லாம் சிந்தனையின்றி வந்துவிடும். அந்தச் சேமிப்பில்தான் பல முதியவர்கள் பாதுகாப்பாக ஓட்டுகிறார்கள். பச்சைத் தடுப்பு ஒன்று வந்து வழியை மாற்றியதும் சேமிப்பு ஒரே நாளில் போய்விடுகிறது. ஆற்காடு சாலையில் அவருடைய வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு இறங்கியது. மாற்றுப்பாதை அம்புக்குறியைப் படிப்பதற்காகச் சாலை நடுவே காரை நிறுத்திவிட்டார்.

சரிசெய்ய முடிந்தவை

மதிப்பீடு முடியும்வரை ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். என்றென்றைக்கும் என்று சொல்லவில்லை என்பதால் ஏற்றுக்கொண்டார். சாவியை ஒளித்து வைக்கும்படி மகளுக்கு உறவினர்கள் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றேன். வாழ்நாள் முழுதும் குடும்பத்தைச் சுமந்தவரிடமிருந்து பொருளைத் திருடுவதுபோல எடுத்துக்கொண்டால், பிறகு அவர் எந்தப் பரிசோதனைக்கும் ஒத்துழைக்கமாட்டார்.

கிளைமிபிரைடை நிறுத்தி, தாழ்சர்க்கரை ஏற்படுத்தும் வாய்ப்பு மிகக் குறைந்த லினாகிளிப்டினை மெட்ஃபார்மினுடன் கொடுத்தோம். சாப்பாட்டுக்கு மாத்திரையைவிட மனைவியின் ஒரு சொல் பயன்பட்டது. "நீங்க எட்டு மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாத்தான் நான் மெஷின்ல நிம்மதியா படுப்பேன்" என்றார், அன்றிலிருந்து சாப்பிட்டார். அல்பிரசோலத்தை எட்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால் இதில் அவசரம் கூடாது. முதல் இரண்டு வாரம் தூக்கமின்றித் தவித்தார். இடக்கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. கண்புரை நீக்கிக்கொண்ட முதிய ஓட்டுநர்களின் விபத்து விகிதம், நீக்காதவர்களுடையதில் ஏறத்தாழ பாதியே என்று 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இவ்வளவு எளிய ஒரு தலையீட்டை, 'இன்னும் முத்தட்டும்' என்று தள்ளிப்போடும் வழக்கம் ஓட்டுநர்களுக்குப் பொருந்தாது. ரப்பர் செருப்புக்குப் பதில் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய உறுதியான அடிப்பகுதி கொண்ட ஷூ. கழுத்துக்குப் பயிற்சி.

மூன்று மாதம் கழித்து டிரெயில் பி 2 நிமிடம் 45 விநாடியில் முடிந்தது, ஒரே ஒரு பிழையுடன். இரண்டாவது சாலைத் தேர்வில் பழகிய வழியில் பயிற்றுநர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. மருந்துக்கடைக் கேள்விக்குச் 'சிக்னல் தாண்டிப் பார்த்துச் சொல்றேன்' என்று பதில் சொன்னார். பழகாத சாலையில் தடுமாற்றம் குறைந்ததே தவிர மறையவில்லை. எனவே பகலில் மட்டும், மழையின்றி, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எல்லைக்குள், வலது திருப்பம் சிக்னல் உள்ள இடத்தில் மட்டும், டயாலிசிஸ் பயணங்களுக்கு ஓட்டக்கூடாது, ஆறு மாதத்தில் மறுபரிசோதனை என்ற வரம்புகளுடன் அனுமதித்தோம். பழக்கப்பட்டிருந்த கியர் காரையே மகள் ஏற்பாடு செய்தார்.

மனைவியிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். எச்சரிக்க வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் எச்சரியுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் தினசரி காலண்டரில் அன்றைய தாளில் எத்தனை முறை எச்சரித்தீர்களோ அத்தனை கோடு போட்டு, தாளைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள் என்று.

நிறுத்தம்

ஆறாவது மாதம் அந்தத் தாள்களை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி எடுத்து வந்தார்கள். முதல் இரண்டு மாதத் தாள்கள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. நான்காம் மாதத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று கோடுகள். கடைசித் தாள்கள் சிலவற்றில் நான்கு கோடுகளைக் குறுக்கே அடித்து ஐந்தாக்கியிருந்தார். கணவர் அவற்றை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இத்தனை தடவையா?" என்று மனைவியைக் கேட்டார். "சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான்" என்றார் அவர்.

அன்று மோகா 21. டிரெயில் பி ஐந்து நிமிடத்திலும் முடியவில்லை. எம்.ஆர்.ஐ-யில் மூளையின் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பு பரவலாகத் தெரிந்தது. மருந்தும் சர்க்கரையும் கண்புரையும் முதலில் மறைத்து வைத்திருந்தது இதைத்தான். அவற்றைச் சரிசெய்யாமல் முதல் நாளே நிறுத்தச் சொல்லியிருந்தால், முதுமை என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கும், தாழ்சர்க்கரை வேறொரு நாள் வேறிடத்தில் அவரை வீழ்த்தியிருக்கும். இனி ஓட்டக்கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். மூன்றாவது சாலைத் தேர்வு தேவையா என்று கேட்டபோது அவரே வேண்டாம் என்றார்.

அவர் மறுத்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று பிற மருத்துவர்கள் கேட்பதுண்டு. நோயால் தகுதியிழந்தவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் உரிமத்தை ரத்து செய்யவோ, புதிய மருத்துவச் சான்று கேட்கவோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. நோயாளியின் ரகசியம் காப்பது மருத்துவரின் கடமை என்றாலும், குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருக்கும்போது அதில் விலக்கு உண்டு என்று 2002-இன் மருத்துவ நன்னெறி விதிமுறைகள் சொல்கின்றன. இந்தக் கதவைத் தட்ட இவருடைய நிகழ்வில் தேவை ஏற்படவில்லை.

ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே நிறுத்தச் சொல்வதோடு மருத்துவரின் வேலை முடிவதில்லை. டயாலிசிஸுக்குத் தெருமுனை ஸ்டாண்டில் உள்ள, குடும்பத்துக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர் மாதக் கணக்கில் வருகிறார். காரின் இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் செலவைக் கூட்டிப் பார்த்த மகள், அந்தத் தொகையிலேயே ஆட்டோ செலவு அடங்கிவிடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவருக்கு அது எங்கள் எல்லோருடைய அறிவுரையையும்விட நன்றாகப் புரிந்தது. 60 வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. அதற்கும் விண்ணப்பித்துப் பெற்றார். தாழ்தளப் பேருந்து வந்தால் மட்டும் ஏற வேண்டும் என்பது பாதத்தைக் கருதி நான் விதித்த ஒரே நிபந்தனை. மனச்சோர்வு அளவீடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யப்படுகிறது, இதுவரை எல்லைக்குள் இருக்கிறது.

அவருடைய உரிமம் 79 வயதுவரை செல்லும். அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை, அடையாள அட்டையாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். புதுப்பிக்கும் நாளில் படிவம் 1ஏ-யோடு என்னிடம் வந்தால், 25 மீட்டர் எண் பலகையை அவர் சரியாகவே படித்தாலும், தகுதியற்றவர் என்றுதான் சான்றளிப்பேன் என்பதை அவரிடமும் மகளிடமும் நேரில் சொல்லி, மருத்துவக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன்.